ஸ்டேக் மெனு தமிழிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் சீசன் வந்தால் நுவரெலியாவின் பழைய நகரப் பகுதி, அதாவது 1894இல் கட்டிய செங்கல் தபாலகத்தைச் சுற்றியுள்ள வீதிகள், நிரம்பி வழியும். அங்குள்ள பழைய கட்டடங்களில் ஸ்டேக் (தடிப்பாக வெட்டிச் சுட்ட மாட்டிறைச்சி) பரிமாறும் பெரிய உணவகங்களுக்கு நம் குடும்பங்களும் இப்போது வருகின்றன. மெனு மட்டும் இன்னும் ஆங்கிலத்தில்தான். விளங்காமல் ஓடர் கொடுத்து, பெரிய தொகையைக் கட்டி, மெல்ல முடியாமல் எழுந்து போகிறவர்களைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

ரெயார், மீடியம், வெல் டன் என்பவை இறைச்சியின் நடுவில் ஏறிய சூட்டைச் சொல்பவை. ரெயார் 50 பாகை செல்சியஸ் அளவு, மீடியம் 60 முதல் 63 வரை, வெல் டன் 70க்கு மேல். தட்டில் ஊறும் சிவப்பு நீர் இரத்தமல்ல. மயோகுளோபின் என்ற புரதம் கலந்த தசைநீர் அது. சிவப்பே வேண்டாம் என்பவர்கள் தாராளமாக வெல் டன் கேட்கலாம், ஆனால் துண்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். 65 பாகையைத் தாண்டினால் தசைநார் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளிவிடும். கொழுப்புக் குறைந்த அண்டர்கட் (முதுகெலும்பின் உட்புறத் துண்டு) அப்போது வறண்டு போகும்; கொழுப்போடிய ரிப் ஐ (விலாப் பகுதித் துண்டு) ஓரளவு தாங்கும். அண்டர்கட்தான் வேண்டுமென்றால், நடுவில் பிளந்து விரித்துச் சுடச் சொல்லுங்கள். சீக்கிரம் வெந்துவிடும், வெளிப்புறமும் கருகாது.

இரண்டரை சென்றிமீற்றர் தடிப்பான துண்டு மீடியம் ஆக, பக்கத்துக்கு 4 நிமிடம் போல வேண்டும். வெல் டன்னுக்கு 6, 7 நிமிடம். இறக்கிய பிறகு 5 நிமிடம் ஆற வேண்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். அவசரப்படுத்தினால் முதலில் பறிபோவது அந்த 5 நிமிடம்தான். மெனுவில் உள்ள 250 கிராம் பச்சை எடை. வெல் டன் ஆகும்போது கால் பங்குக்கு மேலும் குறையலாம். அது குசினியில் செய்யும் களவல்ல.

சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் சிஸ்லர், மேசையிலும் வெந்துகொண்டே இருக்கும். விரும்புவதற்கு ஒரு படி குறைவாகக் கேளுங்கள். சாதாரண பீங்கான் தட்டுக்கு நேர்மாறான சிக்கல். பழைய கட்டடங்களில் குசினி பின்கட்டில் இருக்கும், இரவுக் குளிர் 10 பாகை அளவுக்கு இறங்கும், தட்டைச் சுடவைக்காவிட்டால் கொழுப்பு வழியிலேயே உறைந்துவிடும். தட்டு குளிர்ந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்பதுதான் பெரிய இடைஞ்சல். குளிர்ந்த இறைச்சி அத்தனையும் ஒன்றாக ஏறினால் கிரில்லின் சூடு விழுந்துவிடும். இறைச்சி நீர்விட்டு, சிவந்து வறுபடாமல் அந்த நீரிலேயே அவிந்து சாம்பல் நிறமாகும். பெரிய கூட்டமாக வருபவர்கள் யாருக்கு எந்தப் பதம் என்று காலையிலேயே போனில் சொல்லிவிடுவது நல்லது.

சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நன்றாக வெந்ததையே கொடுங்கள். அரைத்துத் தட்டிய இறைச்சியில் கிருமி உள்ளேயும் கலந்திருக்கும். அது யாருக்கானாலும் 71 பாகை தாண்ட வேண்டும். மாட்டிறைச்சி தொடாதவர்கள் கோழியோ மீனோ கேட்கும்போது, அதே கிரில்லிலா சுடுகிறீர்கள் என்று கேட்பது அவர்களின் உரிமை. தனித் தாச்சியில் செய்து தரலாம். பெரிய உணவகங்களில் 10 வீதச் சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேரும் என்பதால், மெனு விலையில் அவை அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

துண்டின் பெயர், பச்சை எடை, எந்த நாட்டு இறைச்சி, பதங்களின் விளக்கம், ஆகும் நேரம், இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சிட்டு மேசையில் வைக்குமாறு உணவக உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

உணவகக் குசினித் தொழிலாளர்கள் சிலர்,
நுவரெலியா.