171 மாலைகளுக்கு நன்றி

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

நான் மனம் சோர்ந்து கிடந்த நாட்களில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. இந்த வாரம் தொடர்ந்து மூன்று இரவுகள் நன்றாகத் தூங்கினேன். அந்த ஈரம் காய்வதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நம் சபையில் கடைசி வரிசையில் உட்காரும் அந்த அம்மாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குமுன் நாங்கள் இருவரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வதோடு சரி. ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அவர்களிடமிருந்து போன். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா. போனைக் காதில் வச்சுக்கோ, போதும்." வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து முதல் சங்கீதத்தை வாசித்தார்கள், வைத்துவிட்டார்கள். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் இரண்டாம் சங்கீதம்.

எப்படி இருக்கிறாய் என்ற கேள்விக்குத்தான் அப்போது நான் மிகவும் பயந்தேன். நன்றாக இருக்கிறேன் என்றால் பொய். இல்லை என்றால் விசுவாசம் போய்விட்டதோ என்று நினைப்பார்கள். அந்த அம்மா அந்தக் கேள்வியையே என்னிடமிருந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

"என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று 42-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அன்று அழுதேன். அதே சங்கீதத்தின் முடிவில் மறுபடியும் அதே கேள்வி. மறுநாள் 43-இலும் அதுவே. எழுதியவருக்கும் ஒரே தடவையில் ஆறுதல் கிடைத்துவிடவில்லை! எத்தனையோ வருடம் வாசித்த வசனம், அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது.

அப்புறம் 88. விடியாமலே முடிகிற சங்கீதம் அது. கடைசி வசனத்தில்கூட ஆறுதல் கிடையாது. அதைச் சமாளிக்க அந்த அம்மா ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வாசித்து முடித்து, கொஞ்ச நேரம் அப்படியே லைனில் இருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. இப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்றால் எனக்கும் இடம் இருக்கிறது என்று அன்று நம்பினேன். வாய்விட்டு முதன்முதலாக "ஆமென்" சொன்னதும் அன்றுதான்.

119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். எட்டெட்டாக 22 பகுதிகள். அதை 22 நாட்களாகப் பிரித்து வாசித்தார்கள். மற்ற 149 சங்கீதங்களும் நாளுக்கு ஒன்று. ஆகமொத்தம் 171 மாலைகள், ஒருநாள்கூடத் தவறவில்லை.

போதகர் ஐயாவுக்கும் நன்றி. மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை என்று வீட்டாரிடம் எடுத்துச் சொன்னது அவர்தான். வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் கடிந்துகொள்ளவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார் என்பதை நினைப்பூட்டினார். மருந்து இன்னும் எடுத்துக்கொள்கிறேன். ஜெபமும் செய்கிறேன். இரண்டையும் ஒரே கையிலிருந்துதான் பெறுகிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும், என்னோடு மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர்களுக்கும், எனக்குத் தெரியாமலே உபவாசித்து ஜெபித்த சகோதரிகளுக்கும் நன்றி. யார் யார் என்று இப்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது.

மனம் இன்னமும் சில நாள் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் காலையில் எழுந்ததும், தேவன் நேற்று என்னைப் பாதுகாத்த ஒரு காரியத்தையாவது சொல்லி ஸ்தோத்திரம் பண்ண முடிகிறது. முன்பு அதுவும் வராது.

தேவனுக்கு ஒரு வாக்கு, ஒரு பொருத்தனை, பண்ணியிருக்கிறேன். என்னைப்போலவே சத்தமில்லாமல் ஒதுங்கியிருக்கிற ஒருவருக்கு நேற்றுப் போன் செய்தேன். யார் என்று சொல்லமாட்டேன். "பேச வேண்டாம், கேட்டால் போதும்" என்றேன். சரி என்றார். இன்று மாலை ஏழு மணிக்கு முதல் சங்கீதம். ஆறு வசனம்தான்.

உங்கள் சகோதரி