போர்டிலேயே கம்பைல் பண்ணும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியில் புரோகிராமைக் கட்டும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்று நீ எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "கிராஸ்-கம்பைல் பண்ணிக்கொள்", அதாவது போர்டுக்கான புரோகிராமை லேப்டாப்பிலேயே கட்டிக்கொள் என்று ஒரே வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும் முன் நானே ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மூன்று வாரமும் அதில்தான் போனது.

உன் பை ஜீரோவில் பாதி கம்பைலில் 'கில்ட்' என்று வந்து நிற்கிறதே, அது கம்பைலரின் தப்பு இல்லை. இருப்பது 512 எம்பி நினைவகம். டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோப்பு ஒன்றே அதைக் காலி செய்துவிடும். உடனே ஓஎஸ்ஸின் மையமான கெர்னல் கம்பைலரைக் கொன்றுவிடுகிறது. சிப்பில் கோரும் ஒன்றுதான், அதனால் மேக் என்ற கட்டும் கருவியில் நாலு வேலையை ஒன்றாக ஓடவிட்டு லாபமில்லை. ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாகக் கார்டில் ஒதுக்கும் இடம்) கூட்டினால் முடிந்துவிடும், ஆனால் ஓயாமல் எழுதுவதில் எஸ்டி கார்டு பாவம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் தரும், போர்டின் ஏஆர்எம் வகைச் சிப்புக்கான கம்பைலரை நிறுவி, நாலு வரி புரோகிராமைக் கட்டி, போர்டுக்கு அனுப்பினேன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (சிப்புக்குத் தெரியாத கட்டளை) என்று சொல்லிச் செத்தது. காரணம் வேடிக்கையானது. டெபியனின் ஆர்ம்எச்எஃப் என்ற பதிப்பு ஏஆர்எம்வி7 தலைமுறைச் சிப்புக்கானது. ஜீரோவின் சிப் அதற்கு முந்தைய ஏஆர்எம்வி6. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் வி6-க்கெனத் தனியாகக் கட்டப்பட்டது, ஆனால் அதுவும் தன்னை ஆர்ம்எச்எஃப் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு! வி6 என்று கம்பைலருக்குக் கட்டளை கொடுத்தும் பார்த்தேன். என் நாலு வரி மாறியது. அதோடு ஒட்டிக்கொள்ளும் தொடக்கக் கோப்புகளும் லைப்ரரியும் வி7 ஆகவே இருந்தன.

அப்புறம் கிராஸ்டூல்-என்ஜி என்ற கருவியை வைத்து வி6-க்கென்றே ஒரு டூல்செயின் (கம்பைலரும் அதன் துணைக் கருவிகளும் லைப்ரரியும்) கட்டினேன். இந்தத் தடவை வேறு புகார்: ஜிலிப்சி 2.34 (சி புரோகிராம்களுக்கான அடிப்படை லைப்ரரி) இல்லையாம். என் போர்டில் டெபியன் 11 வழி வந்த ஓஎஸ், அதில் இருப்பது 2.31. நானோ புதிய ஜிலிப்சியைச் சேர்த்துக் கட்டியிருந்தேன். 2021-இல் வந்த 2.34-இல் புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். அதனால் மெயினுக்குள் ஒன்றுமே இல்லாத புரோகிராம்கூடப் பழைய போர்டில் எழுந்திருக்காது.

கடைசியில் போர்டிலிருக்கும் லைப்ரரிகளையும் ஹெடர்களையும் அப்படியே லேப்டாப்புக்கு இழுத்து, அதையே சிஸ்ரூட்டாக, அதாவது கம்பைலர் லைப்ரரிகளைத் தேடும் இடமாகக் காட்டினேன். அதிலும் ஒரு பொறி: சில சிம்லிங்க்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்) ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப்பாதையில் இருந்தன, அவை என் லேப்டாப்பின் சொந்த லைப்ரரியைக் காட்டின. அவற்றைத் திருத்தியதும் ஓடியது. போர்டில் ஐம்பது நிமிடம் எடுத்த என் வேறொரு பெரிய புரோகிராமுக்கு இங்கே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோஷம்தான், ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு நான் கொடுத்த விலை உனக்குத் தெரியும்.

அதனால் உனக்குக் கிராஸ்-கம்பைலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நீ தினமும் கட்டுகிற ஆள் இல்லை. கார்டின் இமேஜை லேப்டாப்பில் மவுன்ட் செய்து, க்யூஇஎம்யு (வேறு வகைச் சிப்பின் புரோகிராமை லேப்டாப்பில் ஓட்டும் மென்பொருள்) வழியாக அதற்குள் சிரூட் பண்ணிப் போ, அதாவது அந்த இமேஜையே ரூட்டாகக் கொண்டு வேலை செய். உள்ளே இருப்பது போர்டின் கம்பைலர், போர்டின் லைப்ரரி. நினைவகமும் சிப்பும் மட்டும் லேப்டாப்புடையவை. நான் விழுந்த குழி ஒன்றும் வராது. கட்டுவதற்கு முன் சோதனைப் புரோகிராமை ஓட்டிப் பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளும் தகராறு செய்யாது. நேரடிக் கிராஸ்-கம்பைலைவிட மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் 'கில்ட்' வராது. ஒன்று மட்டும் கவனி: போர்டின் சிப்புக்குத் தெரியாத கட்டளையைக்கூட க்யூஇஎம்யு மறுபேச்சின்றி ஓட்டிவிடும். எனவே முடிவான சோதனை போர்டில்தான்.

சின்னச் சின்ன சி கோப்புகளுக்கு இதுகூட வேண்டாம். அவற்றை இப்போது போலவே போர்டில் கட்டு.

உன் சென்சார் புரோகிராமின் மேக்ஃபைலை அனுப்பு. அந்தப் பெரிய சி++ கோப்பை இரண்டாக உடைக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்