கடலை விளையும் நாட்டில் புண்ணாக்கு தின்னும் குழந்தைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சூடான் போர்ச் செய்திகளில் எந்த ஊர் யார் கைக்குப் போனது என்பதுதான் பெரிதாக வருகிறது. அங்கே குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்பதையும் விரிவாக எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. 2024 ஆகஸ்டில் மேற்கே டார்ஃபர் பகுதியின் எல் ஃபஷேர் நகருக்கு அருகிலுள்ள, இடம்பெயர்ந்தோர் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் உறுதி செய்யப்பட்டது. அதே மாதம் காலரா பரவுவதாக அந்நாட்டு சுகாதாரத் துறை அறிவித்தது. இரண்டையும் தனித்தனிச் செய்தியாகப் போட்டால் விஷயம் புரியாது.

குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் நான். எலும்பும் தோலுமான குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், கொடுப்பது எதுவும் உடம்பில் ஒட்டாது. ஒட்டாததால் இன்னும் மெலியும், அப்புறம் தட்டம்மையோ நிமோனியாவோ வந்து கொண்டுபோய்விடும். இறப்புப் பதிவேட்டில் 'பசி' என்று யாரும் எழுதமாட்டார்கள். ஆகவே தானிய மூட்டைகளை மட்டும் இறக்கிவிட்டால் உதவி முடிந்துவிடாது. நல்ல தண்ணீர், ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி, தடுப்பூசி, வைட்டமின் ஏ எல்லாம் உணவோடு சேர்ந்தே போக வேண்டும். காலரா தடுப்பு மருந்துக்கோ உலகக் கையிருப்பே போதவில்லை. 2022 அக்டோபரிலிருந்து, நோய் பரவும் இடங்களில் இரண்டு தவணைக்குப் பதில் ஒன்றுதான் தருகிறார்கள்.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்றே ஒரு சிகிச்சைப் பசை இருக்கிறது. வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துக் கலவை எல்லாம் சேர்ந்தது. 92 கிராம் பாக்கெட் ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். தண்ணீரிலேயே நோய் பரவும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்! வேறு சிக்கல் இல்லாத குழந்தையை வீட்டிலேயே வைத்துச் சில வாரங்களில் தேற்றிவிடலாம்.

உலகில் அதிகம் கடலை விளையும் நாடுகளில் சூடானும் ஒன்று. இந்தப் பசையைத் தயாரித்த, தலைநகர் கார்ட்டூமிலிருந்த ஆலை, போரின் தொடக்கத்திலேயே எரிந்துபோனது. 2024 மே முதல் ஆர்எஸ்எஃப் முற்றுகையில் கிடந்த எல் ஃபஷேரில் ஜனங்கள் 'அம்பாஸ்' தின்று உயிர் பிழைத்தார்கள். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் கடலைப் புண்ணாக்குதான் அது. எங்கள் திண்டிவனம் பக்கம் மாட்டுக்கு வைப்பது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2025 அக்டோபரில் அந்நகரும் ஆர்எஸ்எஃப்பிடம் வீழ்ந்தது. தப்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த தவிலா என்ற ஊரில் அந்த ஆண்டு ஏற்கெனவே காலரா பரவியிருந்தது.

பொருள் இல்லாததால் மட்டும் வந்த நிலை அல்ல இது. பக்கத்து சாட் நாட்டிலிருந்து டார்ஃபருக்குள் நுழையும் அட்ரே எல்லைப் பாதையை 2024 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை ராணுவத் தரப்பு அரசு மூடி வைத்தது. திறந்தபோது மழைக்காலம், சாலைகள் வெள்ளத்தில். 2025-இல் அமெரிக்கா நிதியை வெட்டியதும், உள்ளூர் இளைஞர்கள் நடத்திய நூற்றுக்கணக்கான பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டன.

யுனிசெஃப்புக்கு இந்தப் பசையைத் தயாரித்துத் தரும் நிறுவனங்கள் இந்தியாவிலும் இருக்கின்றன. நம் அரசு அவர்களிடம் வாங்கி அனுப்பலாம். நிவாரண லாரிகளை மறிக்காதீர்கள் என்று இரு தரப்பையும் வெளிப்படையாகக் கேட்கலாம். இவ்விரண்டையும் வலியுறுத்தித் தாங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டிவனம்