பழைய கேன்வாஸில் வீட்டுப் பெயர்ப் பலகை: ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு (14ஆம் தேதி) காலை 10 மணிக்கு அசோசியேஷன் ஹாலில் கூடி, பரணில் கிடக்கும் கேன்வாஸ் ஓவியங்களை வினைல் (பிளாஸ்டிக் ஸ்டிக்கர்) எழுத்து ஒட்டிய பெயர்ப் பலகைகளாக மாற்றப் போகிறோம்.

1. பெயர், கேன்வாஸின் நீள அகலம், எழுத்தின் நிறம் மூன்றையும் புதன் இரவு 8 மணிக்குள் இங்கே அனுப்புங்கள். ஸ்டிக்கர் கடையில் மொத்தமாக வெட்டி வாங்குகிறோம். ர, ற, ன, ண சரிபாருங்கள். வெட்டிய பிறகு திருத்த முடியாது.

2. தடித்த எழுத்தே நல்லது. மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக வெட்டப்படும். சின்னதாக இருந்தால் உரிக்கும்போதே கழன்றுவிடும்.

3. வெள்ளிக்கிழமைக்குள் கேன்வாஸை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். ஆயில் பெயின்ட் ஓவியமென்றால் முதலில் பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். ஈரம் இருந்தால் வினைல் ஒட்டாது.

4. ஸ்கேல், பென்சில், காற்றுக் குமிழை அழுத்தி எடுக்க ஒரு பழைய ஏடிஎம் கார்டு கொண்டு வாருங்கள்.

பிள்ளைகள் வரைந்த ஓவியத்தின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். அதன் மேலேயே பெயரை ஒட்டலாம், இன்னும் அழகாக இருக்கும். அப்புறம், மழை படும் இடத்தில் மாட்ட இது சரிப்படாது.

வருபவர்கள் ஃப்ளாட் எண்ணுடன் இன்றே பதில் போடுங்கள்.