சிஸ்டம்ல ஆப்ஷன் இல்லையாம் மாப்ள

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, உடனே பதில் போடணும்னு தான் இருந்தேன், முழங்கால் வலி, கண்ணு செக்கப்னு அலைஞ்சதுல நாள் ஓடிப்போச்சு. தங்கச்சிக்கு சுகர் கன்ட்ரோல்ல வந்துடுச்சுன்னு எழுதியிருந்தே, ரொம்ப சந்தோஷம். நீ தான் பேங்க்ல ரிட்டயர் ஆனாலும் ஆபீசர் புத்தி போகாம பாதி லெட்டர் எனக்கு பாடம் எடுத்திருக்கே. பெரிய கம்பெனிக்கு சலுகை குடுத்தா தான் நாலு பேருக்கு வேலை வரும், நீ சும்மா பொலம்பாதேன்னு. சரி பொலம்பல. நடந்தத சொல்றேன்.

மொதல்ல நல்ல சேதி, உன் மருமகளோட, அதான் என் பொண்ணோட எஜுகேஷன் லோன் போன மாசம் முடிஞ்சுது. கடைசி ரெண்டு வருஷம் அவளே கட்டுனா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு, உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் அப்ப சொல்லல. கேம்பஸ்ல எடுத்த கம்பெனி ஜாய்னிங் டேட்ட தள்ளிக்கிட்டே போச்சு, இங்க இஎம்ஐ ஆரம்பிச்சுடுச்சு. என் பென்ஷன்ல ரெண்டு மாசம் கட்டுனேன், அதுக்கு மேல முடியல, ரெண்டு டியூ நின்னுடுச்சு. காலைல எட்டு மணிக்கெல்லாம் போன் வரும் மாப்ள. எனக்கு, அவளுக்கு, அப்புறம் ரெஃபரன்ஸ்னு நம்பர் குடுத்த பாவத்துக்கு என் தம்பிக்கும்.

நேரா பிராஞ்சுக்கே போயிட்டேன். மேனேஜர் சின்ன பையன், நல்லவன் தான், சேர் போட்டு உக்கார வெச்சான். தம்பி, ஒரு ஆறு மாசம் டைம் குடுங்க, அபராத வட்டிய மட்டும் விட்டுடுங்க, மத்தபடி அசலும் வட்டியும் ஒரு பைசா குறைக்காம கட்டிடறோம்னு கேட்டேன். அவன் ஸ்க்ரீன என் பக்கம் திருப்பி காட்டுனான். "பாருங்க சார், சிஸ்டம்ல அந்த ஆப்ஷனே வரல." கண்ணாடிய போட்டுகிட்டு நானும் குனிஞ்சு பாத்தேன். ஒரு பட்டன் இருந்துச்சு, அழுத்த முடியாதபடி சாம்பல் கலர்ல. அவன் மேல எனக்கு கோவமே வரல, அவன் என்ன பண்ணுவான். அடுத்த நாள் வீட்ல வளையல கழட்டி குடுத்தா, அடகு வெச்சு கட்டிட்டேன்.

அப்ப தான் ராத்திரி தூக்கம் வராம, டிவி, ஃப்ரிட்ஜ் வித்து கடன்ல மூழ்குன வீடியோகான் கம்பெனி கதைய தேடித் தேடி படிச்சேன். உனக்கு தெரியாததா, இருந்தாலும் கேளு. அந்த குரூப்போட 13 கம்பெனி மேல, திவால் கேஸ் பாக்கற கம்பெனி சட்ட தீர்ப்பாயத்துல ஏத்துகிட்ட கடன் பாக்கி கிட்டத்தட்ட 64,800 கோடி. 2021 ஜூன்ல மும்பை தீர்ப்பாயம் வேதாந்தா குரூப்போட ஒரு கம்பெனிக்கு அத எடுத்துக்க ஓகே சொல்லுச்சு, எவ்ளோவுக்குன்னா 2,962 கோடிக்கு. நூறு ரூபாய்க்கு நாலு ரூபா சில்லறை! தீர்ப்பாயமே இது ஏறக்குறைய ஒண்ணும் குடுக்காத மாதிரின்னு தான் எழுதுச்சு. இன்னொன்னும் சொல்லுச்சு, கம்பெனிய பிரிச்சு வித்தா என்ன தேறும்னு போட்ட ரகசிய மதிப்பு சுமார் 2,568 கோடி, ஏலத்தொகை எப்படி அதுக்கு இவ்ளோ பக்கத்துல வந்து நிக்குதுன்னு. அப்படியும் ஓகே சொல்லிடுச்சு, ஏன்னா கடன் குடுத்த பேங்குங்கள்ல 95 சதவீதம் ஓட்டு அதுக்கு விழுந்திருந்துச்சு. அப்புறம் சில பேங்குங்களே அப்பீல் போய் 2022 ஜனவரில மேல் தீர்ப்பாயம் ரத்து பண்ணுச்சு, அது வேற விஷயம். நான் கேக்கறது இவ்ளோ தான், அங்க நூத்துக்கு 96 விட்டுக்குடுக்க பட்டன் இருக்கு, இங்க ஆறு மாசம் டைம் குடுக்க இல்ல.

நீ என்ன சொல்லுவேன்னு தெரியும். டேய், வராக்கடன பேங்க் தன் கணக்குல இருந்து எடுக்கற ரைட் ஆஃப் வேற, தள்ளுபடி வேற, ரைட் ஆஃப்ங்கறது பேலன்ஸ் ஷீட்ட சுத்தம் பண்றது, கடன் அப்படியே தான் நிக்கும்னு. பேப்பர்ல சரி தான். 2022 டிசம்பர்ல பார்லிமென்ட்ல குடுத்த கணக்கு, அஞ்சு வருஷத்துல பேங்குங்க ரைட் ஆஃப் பண்ணது 10.09 லட்சம் கோடி, அதே அஞ்சு வருஷத்துல ரைட் ஆஃப் கணக்குகள்ல இருந்து வசூல் ஆனது 1.32 லட்சம் கோடி. ரெண்டையும் நேருக்கு நேர் கழிக்க கூடாது, எல்லாமே பெரிய கம்பெனி கடனும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அந்த பெரிய கம்பெனிக்காரங்க தம்பிக்கு யாராவது காலைல எட்டு மணிக்கு போன் போட்டிருப்பாங்களா?

சரி, உன் வேலைவாய்ப்பு கதைக்கு வரேன். 2019 செப்டம்பர் 20, நிர்மலா சீதாராமன் கம்பெனி வரிய 30ல இருந்து 22 சதவீதமா குறைச்சாங்க, வேற சலுகை கேக்காத கம்பெனிங்களுக்கு. புதுசா ஃபேக்டரி போட்டா 15 தான். பார்லிமென்ட் கூடற வரைக்கும் கூட காத்திருக்கல, அன்னிக்கே அவசர சட்டம். வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் போகும்னு அவங்களே சொன்னாங்க. அன்னிக்கு சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல ஏறுச்சு, நீ கூட போன் பண்ணி குதிச்சே, ஞாபகம் இருக்கா? மத்த நாட்டோட போட்டி போட வரிய குறைக்கணும்ங்கறதுல நியாயம் இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா 2023-24ல தனிநபர் வருமான வரி சுமார் 10.45 லட்சம் கோடி, கம்பெனி வரி 9.11 லட்சம் கோடி. நம்ம கட்டறது அதிகம்டா. நமக்கு எந்த அவசர சட்டமும் வரல.

லஞ்சம், ஊழல்னு சொல்லி இத முடிச்சுட முடியாது மாப்ள, அது தான் எனக்கு உறுத்தல். இதுல பாதி சட்டப்படி தான் நடக்குது. பெரியவன் சட்டத்த மீற வேண்டியதே இல்ல, சட்டம் எழுதற எடத்துலயே அவனுக்கு ஒரு நாற்காலி கெடக்கு, நமக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு எஸ்எம்எஸ் வருது. பேங்க்ல வாங்கி, பேர் வெளிய தெரியாம கட்சிக்கு நன்கொடையா குடுத்த தேர்தல் பத்திரத்த எடுத்துக்கோ. அதுக்கு முன்னாடி ஒரு கம்பெனி மூணு வருஷ சராசரி லாபத்துல 7.5 சதவீதத்துக்கு மேல கட்சிக்கு நன்கொடை குடுக்க முடியாது. 2017ல அந்த வரம்பையே தூக்கிட்டாங்க, நஷ்டத்துல ஓடற கம்பெனி கூட குடுக்கலாம், யாருக்குன்னும் சொல்ல வேண்டாம். 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதியும் சேர்ந்து செல்லாதுன்னு சொல்ற வரைக்கும் ஓடுச்சு. நீ ஓட்டு போடற கட்சியும் வாங்குச்சு, நான் போடறதும் வாங்குச்சு, அதுல நமக்குள்ள சண்டை வேண்டாம்.

அம்மா பாஸ்புக்க போன வாரம் என்ட்ரி போட்டேன். மினிமம் பேலன்ஸ் இல்லன்னு முந்தி அபராதம் புடிச்ச பதிவுங்க அதுல அப்படியே இருக்கு, கீழ அதுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணம் இல்லாததுக்கு அபராதம், அபராதத்துக்கு வரி. பொதுத்துறை பேங்குங்க இப்படி 2019-20ல இருந்து அஞ்சு வருஷத்துல ஏறக்குறைய 8,500 கோடி சேத்திருக்காங்க. 2025ல சில பேங்க் இத நிறுத்திட்டாங்க, நல்லது. புடிச்சத திருப்பி தருவாங்களானு அம்மா கேட்டாங்க, நான் சிரிச்சுட்டேன், அவங்க சிரிக்கல.

இப்ப உன்னால ஒரு உதவி வேணும். லோன் முடிஞ்சு ஒரு மாசம் ஆயும் நோ டியூ சர்டிபிகேட் வரல, ரெண்டு தடவ போயிட்டேன், அந்த பையன் டிரான்ஸ்ஃபர் ஆகி வேற ஆள் வந்திருக்கார், சர்வர் டவுன்ங்கறார். கடன ஒழுங்கா கட்டுனோமான்னு காட்டற சிபில் ரிப்போர்ட்ல அந்த ரெண்டு டியூ இன்னும் காட்டுது, அவளுக்கு வண்டி லோனுக்கு அரை சதவீதம் வட்டி கூட கேக்கறாங்க. ரீஜினல் ஆபீஸ்ல உனக்கு தெரிஞ்சவங்க யாராவது இன்னும் இருக்காங்களா? எழுத வேண்டாம், போன் பண்ணு. காலைல எட்டு மணிக்கு மட்டும் பண்ணாதே, எனக்கு இன்னும் பக்குனு ஆகுது.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் பழைய பெஞ்ச் மேட்