ரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மூச்சிரைப்புக்காக ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்தது. வெள்ளணுக்கள் 14,600. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘அதிகம்’. உள்ளே எங்கோ சீழ் பிடித்திருக்கிறது என்று வீடே கலங்கிப்போனது. “மாத்திரையால வர்றதுதாங்க” என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை உங்கள் தாளிலேயே போட்டிருக்கலாமே என்பதுதான் என் மனக்குறை.

நீங்கள் எண்ணித் தருவது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்தில் உள்ள அணுக்களை மட்டும்தான். ரத்த நாளங்களுக்குள் இருக்கும் நியூட்ரோபில்களில் (வெள்ளணுக்களில் ஒரு வகை) ஏறக்குறைய பாதி, சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். உங்கள் கணக்கில் வராது. ஸ்டீராய்டு அந்த ஒட்டுதலைத் தளர்த்துகிறது, எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புதியவற்றை இறக்கிவிடுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது. திசுவுக்குள் போய் வேலை பார்ப்பவையோ குறைந்துவிடுகின்றன!

வெள்ளணு வேலைக்குப் போக அழைப்பு வர வேண்டும். விரலில் முள் தைத்துக் கிருமி நுழைந்தால், அங்கே காவலிருக்கும் மேக்ரோபேஜ் என்ற அணுக்கள் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 என்ற அழற்சித் தூது மூலக்கூறுகளைச் சுரக்கும். சில மணி நேரத்தில் பக்கத்து நாளத்தின் உட்சுவரில் செலக்டின் என்ற கொக்கிகள் முளைக்கும். வேகமாகப் போய்க்கொண்டிருந்த நியூட்ரோபில் அவற்றில் மாட்டி, விடுபட்டு, மறுபடி மாட்டி உருளும். அப்போது இன்டர்லூகின்-8 என்ற இன்னொரு தூது மூலக்கூறு அதன்மேல் பட்டால் போதும், அதன் மேற்பரப்பில் மடங்கிக் கிடந்த இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதம் நிமிர்ந்து சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அணு சப்பையாகி, இரண்டு செல்களுக்கு நடுவே நெளிந்து வெளியேறும். இன்டர்லூகின்-8 எந்தப் பக்கம் அடர்த்தியோ, அந்தப் பக்கமே நகரும்.

இந்த இன்டெக்ரின் குறைபாட்டோடு, அரிதாகச் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. ரத்தத்தில் வெள்ளணு ஏராளம். புண்ணில் சீழே வைக்காது, தொற்றும் விட்டு விலகாது. உங்கள் தாளில் அதற்கும் அதே ‘அதிகம்’தான்.

ரத்தம் எடுக்கும்போதே என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலை எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்கு உண்மையிலேயே தொற்று இருந்தாலும் காய்ச்சல் அமுங்கிப்போகலாம். முன்பின் தெரியாத மருத்துவர் கையில் அறிக்கை போனால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். தாளில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் அறிக்கையின் அடியில் முழு உடல் பரிசோதனைத் தள்ளுபடி நான்கு வரிக்கு இருந்தது.

இப்படிக்கு,
உங்களிடம் அடிக்கடி கை நீட்டும் ஒருவன்