சேர்ந்து இழுக்கும்போது

பாம்பன்

அன்புள்ள செல்வம்,

நலம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. ஊர் மறுபடி கலகலப்பாகிவிட்டது.

மகள் சமூக உளவியல் படிக்கப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். அது எதற்கு உதவும் என்றும் கேட்டிருந்தாய். மற்றவர்கள் கூட இருக்கும்போது ஒருவரின் நினைப்பும் நடத்தையும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கிற படிப்பு அது. நம் ஊரில் தினமும் உதவும்.

மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்குத் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காததும் ஒரு காரணம். ஆனால் 1974இல் அமெரிக்காவில் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்து, தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் இழுவை குறைந்தது!

கரையில் நின்று பல பேர் சேர்ந்து இழுக்கிற கரைவலையை யோசித்துப் பார். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டு எல்லோருடைய கையையும் ஒரே தாளத்தில் சேர்க்கிறது. வலையின் மடியில் விழும் மீனில் ஆளுக்குப் பங்கு உண்டு. ஒருவன் கை தளர்ந்தால் அடுத்தவனுக்கு உடனே தெரியும். 1981இல் பிப் லத்தானே என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் ஆட்களைக் கத்தச் சொல்லிச் சோதித்தபோது, அவரவர் சத்தம் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்ததும் அந்தத் தளர்ச்சி காணாமல் போனது. நம் ஆட்கள் அதைக் கடற்கரையிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை.

இந்தக் கோடையில் ஊரணி தூர்வாரினோம். கூட்டம் நிறைய, வேலை கொஞ்சம். இளவட்டங்களுக்கு அக்கறையே இல்லை என்று பெரியவர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. யார் எதைச் செய்வது என்று நாம் சொல்லவே இல்லையே! அடுத்த ஞாயிறு தெருவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தோம். அதே பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் மேலே ஏறி வரவில்லை.

சரி, விடுமுறையில் மகளை இங்கே அனுப்பு. கரைவலைக்காரர்களோடு அவள் உட்கார்ந்து பேசட்டும். கையைத் தளரவிடாமல் வைத்திருப்பது பாட்டா, பங்கா என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை.

அன்புடன்,
அந்தோணி